மேட்டர்ஹார்னை என்ன செய்யலாம்? குன்னூரிலிருந்து ஒரு பதில்

கோத்தகிரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “டிஸ்னிலாண்டில் இருக்கும் மேட்டர்ஹார்ன் ரோலர் கோஸ்டர் போன்ற பழைய ரைடுகள் எப்படி உருவாயின? 60 வருடத்துக்கு மேல் ஓடிவிட்ட ஒரு ரைடை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது நல்லதா, பழுதுபார்த்து அப்படியே ஓட்டுவது நல்லதா? நம் ஊட்டிப் பக்கம் மலைச்சரிவில் இதுபோல ஒன்று வர வாய்ப்பிருக்கிறதா?”

ரைடு பராமரிப்பு வேலையில் வெகுகாலம் இருந்தவன் நான். இப்போது குன்னூரில் இருக்கிறேன். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள் தம்பி.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய ரைடில் ஏறியவருக்கு எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிசை இருக்கும். எங்கே இருட்டு வருகிறது, எங்கே வெளிச்சம் வருகிறது, எங்கே வயிறு தூக்கிப் போடுகிறது, எங்கே பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்கிறோம் என்பதெல்லாம் அதில் சேர்த்தி. காப்பாற்ற வேண்டியது அதைத்தான். அந்த வரிசை கெடாமல் டிராக், வண்டி, மோட்டார் எல்லாவற்றையும் மாற்றலாம். இதை நான் எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்றால், நம் வீட்டு வாசலில் ஓடும் மலை ரயிலிலிருந்து. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ரோலர் கோஸ்டரின் பூர்வீகம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் பனியை உறைய வைத்துச் சறுக்கிய மேடுகள். பாரிஸில் அதையே பார்த்துவிட்டு, 1817-இல் சக்கரம் வைத்த வண்டிகளை ஓட்டினார்கள். சக்கரம் பாதையை விட்டு விலகாதபடி பிடிமானமும் வைத்தார்கள். இன்னொன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊரில் இருந்த நிலக்கரி ரயில். 1827-இல் போட்ட பாதை அது. மலைமேலிருந்த சுரங்கத்திலிருந்து நிலக்கரி வண்டிகள் தம் எடையாலேயே கீழே உருண்டு வரும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். அந்தக் கழுதைகள் இறங்கும்போது நடக்காது, அவற்றுக்கென்று ஒரு வண்டி, அதில் ஏறி உட்கார்ந்து வரும். 1840-களில் கழுதைகளுக்குப் பதில் நீராவி எந்திரம் வைத்து இழுக்க ஆரம்பித்தார்கள். 1872-க்குப் பிறகு நிலக்கரிக்கு வேறு வழி வந்துவிட்டதால், இந்தப் பாதை முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கு என்று ஆகிப்போனது. 1930-களின் தொடக்கம் வரை ஓடியது.

இந்த நிலக்கரி ரயில் ரைடு உலகத்துக்குக் கொடுத்த பெரிய சொத்து ஒரு சின்ன இரும்புத் துண்டு. ரோலர் கோஸ்டர் முதல் மேட்டில் ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று சத்தம் கேட்குமே, நிறையப் பேர் அதைச் சங்கிலியின் சத்தம் என்று நினைக்கிறார்கள். வண்டியின் அடியில் கீல் வைத்த ஒரு கொக்கி தொங்கும். டிராக்கின் நடுவே ரம்பப்பல் மாதிரி ஒரு பட்டை படுத்திருக்கும். வண்டி மேலே ஏறும்போது கொக்கி ஒவ்வொரு பல்லின் மேலும் ஏறி அடுத்த பள்ளத்தில் விழும். அந்த விழுகிற சத்தம்தான் அது. சங்கிலி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், வண்டி ஒரு பல் தூரத்துக்கு மேல் பின்னால் உருள முடியாது. மாக் சங்கில் வண்டி பின்னோக்கி ஓடாமலிருக்க வைத்த அதே ராட்செட் ஏற்பாடு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை.

1884-இல் லாமார்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 5 சென்ட் கட்டணத்துக்கு ஒரு ரைடு போட்டார். மணிக்குப் 10 கி.மீ. வேகம்தான். கோபுரத்தில் ஏறி, பக்கவாட்டில் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, மறுமுனை வரை உருண்டு போய் இறங்க வேண்டும். அங்கே ஆட்கள் வண்டியைத் தள்ளி மேலே ஏற்றுவார்கள், திரும்பவும் உட்கார்ந்து இந்தப் பக்கம் வர வேண்டும். அதற்கே கூட்டம் அலைமோதியது. ஆனால் தாம்சனின் முக்கியமான காரியம் அது இல்லை என்பேன். 1887-இல் அட்லாண்டிக் சிட்டியில் அவர் போட்ட ‘சீனிக் ரயில்வே’யில் வண்டியைச் சுரங்கத்துக்குள் விட்டு, உள்ளே ஓவியங்களை வைத்து, வண்டி வரும்போது விளக்கு எரியும்படி செய்தார். உடம்புக்கு ஒரு அனுபவம், கண்ணுக்கு ஒரு காட்சி, இரண்டையும் ஒரே பாதையில் கோத்த முதல் ஆள் அவர்தான். டிஸ்னி பிற்பாடு கட்டியதெல்லாம் இந்தக் கோட்டில் வந்ததுதான்.

அந்த சீனிக் ரயில்வேக்களில் வண்டியின் நடுவில் ஒரு பிரேக்மேன் நின்றுகொண்டு வருவார். எங்கே வேகத்தைப் பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவர் கையில் இருக்கும். மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912-இல் திறந்த ரைடிலும், கோபன்ஹேகன் டிவோலியில் 1914-இல் திறந்த ரைடிலும் பிரேக்மேன் வழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது. நம் மலை ரயிலில் பெட்டிக்குப் பெட்டி முன்பக்கத் திறந்த மேடையில் பிரேக்ஸ்மேன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே காலம், அதே யோசனை.

அடுத்த தாவல் ஜான் மில்லர் என்பவருடையது. 1919-இல் அவர் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு சக்கரம், அதன் அடியிலும் ஒரு சக்கரம். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டி மேலே எழும்பப் பார்க்கும், அடிச்சக்கரம் விடாது. அதுவரை மெதுவாகவே போக வேண்டியிருந்த ரைடுகள் அதன்பிறகு செங்குத்தாக விழ ஆரம்பித்தன. 1927-இல் கோனி ஐலண்டில் வந்த சைக்ளோன் இன்றும் ஓடுகிறது என்றால் அதற்கு இந்த அடிச்சக்கரமே காரணம்.

இப்போது மேட்டர்ஹார்னுக்கு வருவோம். வால்ட் டிஸ்னி சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்து மயங்கி, அதே உருவத்தில் ஒரு மலையும் அதற்குள் பாப்ஸ்லெட் என்ற பனிச்சறுக்கு வண்டி ஓடுவது போன்ற பாதையும் வேண்டும் என்று கேட்டார். 1959 ஜூன் 14-இல் திறந்தார்கள். மலை 147 அடி உயரம், அதாவது உண்மைச் சிகரத்தில் நூறில் ஒரு பங்கு. மேலே போகப் போகச் சின்ன மரங்களாக நட்டு, உயரம் அதிகம் போலத் தோன்ற வைத்தார்கள். டிராக்கைச் செய்தது கலிஃபோர்னியாவின் ஆரோ டெவலப்மென்ட் என்ற கம்பெனி. எட் மார்கன், கார்ல் பேகன் என்ற இருவர் அதன் மூளை. அதுவரை பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் தட்டை இரும்புப் பட்டைதான் பாதை. இவர்கள் உருண்டைக் குழாயை வளைத்துப் பாதையாக்கினார்கள். குழாயை எந்தப் பக்கமும் வளைக்கலாம், முறுக்கலாம். சக்கரம் மேலேயும், பக்கத்திலும், அடியிலும் அதைக் கவ்விப் பிடிக்கும். இன்று உலகத்தில் ஓடும் இரும்புக் கோஸ்டர்களுக்கெல்லாம் தாத்தா இந்த மேட்டர்ஹார்ன்தான்.

இன்னொரு புதுமையும் அதில் இருந்தது. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்போது பின்னால் வருவது தானாக நிற்கும்படி பிரேக் வைத்தார்கள். ரயில்வேயில் பிளாக் முறை என்று சொல்வதுதான். அதனால் ஒரே நேரத்தில் பல வண்டிகளை விட முடிந்தது.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தோஷமான சங்கதி இருக்கிறது. உண்மையான மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்தில் செர்மாட் என்ற ஊர். 1891-இல் விஸ்ப் நகரிலிருந்து செர்மாட்டுக்குப் போட்ட ரயில் பாதை மீட்டர் கேஜ். செங்குத்தான இடங்களில் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் இன்ஜினியரின் பல்தண்டவாள முறை. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வந்த நம் பாதையும் மீட்டர் கேஜ், அதே ஆப்ட் முறை. நம் ‘எக்ஸ்’ வகை இன்ஜின்களைச் செய்து அனுப்பியதும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஊரிலிருந்த தொழிற்சாலைதான். டிஸ்னி எந்த மலையைப் பார்த்து ரைடு கட்டினாரோ, அந்த மலைக்குப் போகும் ரயிலும் கல்லாறில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் நம் ரயிலும் ஒரே குடும்பம்.

சரி, மேட்டர்ஹார்னில் இப்போது என்ன பிரச்சினை? உடம்பைப் போட்டு உலுக்குகிறது. ஏறிவிட்டு வந்தவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். காரணம் பாதையின் வடிவத்தில் இருக்கிறது. கணினி இல்லாத காலத்தில் நேர்கோடும் வட்ட வில்லும் சேர்த்து வரைந்த பாதை அது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் வண்டி 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 10, ஏறக்குறைய 1 ஜி. உங்கள் எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளுகிறது. 1 ஜி ஒன்றும் உடம்புக்குப் பெரிதில்லை. ஆனால் அது ஒரு வினாடி நேரத்தில் மெல்ல ஏறினால் இனிக்கும், பத்தில் ஒரு வினாடியில் ஏறினால் அடி விழுந்த மாதிரி இருக்கும். விசையின் அளவைவிட அது மாறும் வேகம்தான் கழுத்தையும் விலாவையும் வதைக்கிறது.

ரயில்வேக்காரர்களுக்கு இது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். நேர்ப்பாதைக்கும் வளைவுக்கும் நடுவே ஆரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் இடைவளைவு ஒன்றை வைப்பார்கள். ரைடுகளில் அது ஒழுங்காக வந்தது பிந்தித்தான். 1895-இல் கோனி ஐலண்டில் முழு வட்டமாக ஒரு லூப் கட்டி, ஏறியவர்களின் கழுத்தைப் பதம் பார்த்தார்கள். 1976-இல் ஆன்டன் ஷ்வார்ஸ்கோப், வெர்னர் ஸ்டெங்கெல் என்ற இரு ஜெர்மானியர்கள் கலிஃபோர்னியாவில் ‘ரெவல்யூஷன்’ என்ற ரைடில் கண்ணீர்த்துளி வடிவ லூப்பைக் கொடுத்த பிறகுதான் தலைகீழாகச் சுற்றுவது சாதாரண விஷயமானது. ஸ்டெங்கெல் இன்னொன்றும் சொன்னார்: பாதையை முறுக்கும்போது தண்டவாளத்தை மையமாக வைத்து முறுக்காதே, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சை மையமாக வைத்து முறுக்கு. அப்போது தலை இங்கும் அங்கும் வீசப்படாது. மேட்டர்ஹார்ன் இந்த இரண்டு பாடமும் வருவதற்கு முன் கட்டியது.

அதன்மேல் மாற்றங்களும் ஏறின. 1978-இல் உள்ளே பனிக்குகைகள் அமைத்து, பனிமனிதன் பொம்மையை வைத்து, இரண்டிரண்டு வண்டிகளைச் சேர்த்துக் கோத்தார்கள். 1994 வரை மலையின் வயிற்றுக்குள் ஓட்டை போட்டு ஒரு ரோப் கார் வேறு போய்க்கொண்டிருந்தது, அது நின்றது. 2012-இல் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து உட்காரும் பழைய இருக்கையை எடுத்துவிட்டுத் தனித்தனி இருக்கை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. பாதையின் வளைவு மட்டும் பழைய கணக்கிலேயே நின்றது.

அடுத்து, ஒரு ரைடு எப்படிக் கிழடாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இது தெரியாமல்தான் ‘இடி’ அல்லது ‘தொடாதே’ என்று இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். இரும்பு வயதால் சாவதில்லை. திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் சோர்ந்து, வெல்டிங் ஓரத்திலோ, பின் ஓட்டையின் விளிம்பிலோ மயிரிழை விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத் திரவத்தைத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பவுடர் கலவையை ஸ்ப்ரே செய்வோம். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையில் மேலேறி, மெல்லிய சிவப்புக் கோடாக வரும். அந்தக் கோடு வந்தால் அன்றைக்கு ராட்டினம் சுற்றாது, அவ்வளவுதான், பேச்சே இல்லை. நம் மலையில் இந்தச் சோதனைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மேகம் இறங்கியிருக்கும் காலையில் இரும்பின் மேல் ஈரம் படிந்திருக்கும். விரிசலுக்குள் ஏற்கனவே தண்ணீர் இருந்தால் சாயம் உள்ளே போகாது, எல்லாம் நன்றாக இருப்பது போலப் பொய் சொல்லும். முதலில் சூடு காட்டி உலர்த்த வேண்டும்.

ஈரத்தின் இன்னொரு வேலை குழாய்க்குள் நடக்கிறது. சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் குழாயின் அடியில் இருக்கும். அழகுக்கு பெயின்ட் அடிக்கிறவர் அதையும் சேர்த்து அடைத்துவிடுவார். உள்ளே தண்ணீர் தேங்கி, குழாய் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் ராட்டினத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சோதனைக்கு நேரம் ஒதுக்குவதில் பழனி மலைக்கோயில் ரோப் காரை நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். நாள்தோறும் ஒரு மணி நேரம், மாதத்தில் ஒரு நாள், வருடத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் என்று பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். பக்தர்கள் முணுமுணுத்தாலும் நிறுத்தத்தான் செய்கிறார்கள். எந்த ரைடுக்கும் இந்தக் கட்டுப்பாடு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பழையதைச் சீர்செய்தவர்கள் எப்படியெல்லாம் செய்தார்கள் என்று பாருங்கள். வியன்னாவின் ராட்சத ராட்டினம் 1897-இல் கட்டியது, ஏறக்குறைய 65 மீட்டர் உயரம். 1944-இல் போரில் எரிந்தது. திரும்ப எழுப்பும்போது 30 பெட்டிகளுக்குப் பதில் 15 மட்டும் மாட்டினார்கள். பழைய சக்கரத்தின் மேல் சுமையைப் பாதியாக்கி அதற்கு ஆயுள் கொடுத்தார்கள். இன்றும் சுற்றுகிறது. பென்சில்வேனியாவில் 1902-இல் கட்டிய ‘லீப் த டிப்ஸ்’ என்ற மரக்கோஸ்டர் 1985-இல் மூடி, 1999-இல் மீண்டும் திறந்தது. டெக்சாஸில் 1947-இல் பிறந்த இன்னொரு மரக்கோஸ்டரைப் பிரித்து, எண் போட்டு, பென்சில்வேனியாவின் கனோபல்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோய் 1985-இல் ‘ஃபீனிக்ஸ்’ என்ற பெயரில் எழுப்பினார்கள். இங்கிலாந்தின் மார்கேட்டில் 1920-இல் வந்த சீனிக் ரயில்வே 2008-இல் தீப்பிடித்தது. அதையும் 2015-இல் பிரேக்மேனோடு சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மரக்கோஸ்டரில் மரம் வருடா வருடம் பகுதி பகுதியாக மாறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் அது பழையது இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

டெக்சாஸ் ஜயன்ட், மீன் ஸ்ட்ரீக் என்ற இரண்டு மரக்கோஸ்டர்களுக்கு நேர்ந்தது வேறு கதை. பழைய மரச்சட்டத்தின் மேல் புது இரும்பு டிராக்கைப் போட்டு, ஒன்றை 2011-இலும் மற்றதை ‘ஸ்டீல் வெஞ்சன்ஸ்’ என்று 2018-இலும் திறந்தார்கள். இரண்டும் அருமையான ரைடுகள். ஆனால் அவை புது ரைடுகள். பழைய சட்டத்தில் பாதி நிற்கிறது, பழைய வரிசை போய்விட்டது. இதை மறுபிறவி என்று சொல்லலாம், பாதுகாப்பு என்று சொல்லக்கூடாது. டிஸ்னியின் ‘ஸ்ப்ளாஷ் மவுன்டன்’ இதற்கு நேரெதிர். அதன் கதை, இன வேற்றுமை குறித்த கண்டனத்துக்கு ஆளான ஒரு பழைய படத்திலிருந்து வந்தது. நீரோடையையும் கடைசி வீழ்ச்சியையும் வைத்துக்கொண்டு, கதையை மட்டும் மாற்றி 2024-இல் திறந்தார்கள். உடம்புக்கான வரிசை அப்படியே, கண்ணுக்கான காட்சி புதிது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கதையால் ஒரு கூட்டத்தாருக்கு மனம் நோகுமானால் கதை மாறத்தான் வேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது கலிஃபோர்னியாவின் ஸ்பேஸ் மவுன்டன். 1977-இல் திறந்த ரைடு. 2003-இல் மூடி, உள்ளே இருந்த டிராக்கை முழுக்கக் கழற்றி, அதே பாதையில் புது டிராக்கைப் போட்டு, 2005-இல் திறந்தார்கள். இருட்டில் ஓடும் ரைடு அது. ஏறியவருக்கு அதே திருப்பம், அதே இடத்தில். கீழே இருப்பது வேறு இரும்பு.

இதைத்தான் நம் மலை ரயிலில் செய்தார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏற்றம். தண்டவாளத்துக்கு நடுவே இரண்டு பல்பட்டைகள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு. அதனால் இன்ஜினின் பல்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். முதல் இரண்டில் வேலை செய்துவிட்டு வெளியேறும் நீராவி, பல்பட்டைப் பகுதியில் மேலே உள்ள இரண்டு சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். ஏறும்போது இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளும், இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் இன்ஜினைத் தாண்டி ஓட முடியாது. இந்த ஏற்பாடு எதையும் தொடவில்லை. ஆனால் நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும் இன்ஜின்கள் வந்தன. பழைய இன்ஜின்கள் தேய்ந்தபோது, 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே ‘எக்ஸ்’ வடிவத்தில் புதிதாகவே கட்டினார்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ரயில் இது. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, இன்ஜின் எந்த வருடம் செய்தது என்று பார்த்து யாரும் ஏமாந்ததில்லை. பெட்டி குலுங்குவதும், பல்லில் ஏறும்போது அடியில் கேட்கும் உறுமலும், வளைவில் திரும்பும்போது பள்ளத்தாக்கு திறப்பதும் அதே இடத்தில் வருகின்றன.

ஆக, மேட்டர்ஹார்னுக்கு என் யோசனை இது. மலையைத் தொட வேண்டாம். உள்ளே உள்ள எஃகுச் சட்டங்கள் பாதையோடு பின்னிப் பிணைந்தவை, இடித்தால் இரண்டும் போகும். முதலில் லேசர் ஸ்கேன் செய்து, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று துல்லியமான படம் எடுக்க வேண்டும். வண்டியில் உட்கார்ந்தவர் கையை நீட்டினாலும் எதிலும் படாத அளவு வெளி வேண்டும், அதுதான் எல்லை. அந்த எல்லைக்குள் பழைய பாதையின் கோட்டிலேயே, ஒவ்வொரு வளைவின் இரு முனையிலும் இடைவளைவு சேர்த்து, நெஞ்சை மையமாக வைத்து முறுக்கிய புது டிராக் போட வேண்டும். சில வளைவுகளில் இடம் போதாது. அங்கே அந்தக் குத்தல் கொஞ்சம் இருக்கட்டும். பாப்ஸ்லெட் என்றால் கொஞ்சம் ஆட வேண்டும், பட்டுப்போல வழுக்கிக்கொண்டு போனால் அது மேட்டர்ஹார்ன் இல்லை. மலைக்குள் இரண்டு பாதைகள் ஓடுகின்றன. அவை ஒன்றுக்கொன்று வேறானவை, இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். குகையிலிருந்து வெளியே வந்து வெயிலைப் பார்ப்பதும், கடைசியில் குளத்தில் தண்ணீர் சிதற வந்து வேகம் தணிவதும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

கூட்டத்தைச் சமாளிக்கப் பெரிய வண்டி போடலாம் என்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. 6 பேர் வண்டி ஒன்று 30 வினாடிக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 720 பேர், இரண்டு பாதைக்கு 1,440 பேர். கிளம்பும் இடைவெளியை 24 வினாடியாக்கினால் அதே வண்டியில் 1,800 பேர். ஏறி இறங்கும் மேடையை நன்றாக அமைத்தாலே இது கிடைக்கும். வண்டி கனமானால் பாதைக்கும் சட்டத்துக்கும் சோர்வு கூடும். எண்ணிக்கையை இடைவெளியில் தேடுங்கள், எடையில் தேடாதீர்கள்.

ஊட்டியில் இப்படி வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பாவில் இயற்கையான சரிவிலேயே தரையை ஒட்டிக் குழாய்ப் பாதை போட்டு, ஒரு ஆள் இரண்டு ஆள் உட்காரும் வண்டியில் கையால் பிரேக் பிடித்து இறங்கும் ஆல்பைன் கோஸ்டர்கள் நிறைய உண்டு. தொழில்நுட்பமாக நம் சரிவுக்கு அது பொருந்தும். ஆனால் வேண்டாம் என்பேன். 2009 நவம்பரில் நீலகிரியில் விழுந்த மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. இன்றும் வடகிழக்குப் பருவமழையில் பாறையும் மரமும் பாதையில் விழுந்து கல்லாறு–குன்னூர் ரயில் ரத்தாகாத வருடம் அபூர்வம். ஒவ்வொரு தூணுக்கும் தோண்டும் குழி மழைத் தண்ணீருக்கு ஒரு வாசல். கீழே கல்லாறு யானை வழித்தடம். மேலே ஊட்டிக்கு வரும் சுற்றுலா வண்டிகளைக் கட்டுப்படுத்த 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. கூட்டத்தைக் குறைக்க வழி தேடும் ஊரில், கூட்டத்தை இழுக்கப் புதிய சரிவை வெட்டுவது பொருந்தாது. ஏரிக்கரை மாதிரி ஏற்கனவே சமதளமாக்கிய இடங்களில் இருப்பதை நன்றாக்கினால் போதும்.

உங்களுக்கு புராஜெக்ட் வேண்டும் என்றால், தம்பி, மேட்டர்ஹார்னை விட்டுவிட்டு நம் மாரியம்மன் திருவிழாக்களுக்கு வரும் ராட்டினங்களைப் பிடியுங்கள். ஜெயன்ட் வீலும் கொலம்பஸும் டோரா டோராவும் இருக்கட்டும். குழந்தைகளுக்கான நான்கு தொட்டில் வைத்த மரத் தொட்டில் ராட்டினம், ஒரு ஆள் கையால் தள்ளுவாரே, அதிலிருந்து ஆரம்பியுங்கள். நம் பக்கத்து கிளாசிக் ரைடு அதுதான். ராட்டினக்கார அண்ணனிடம் அனுமதி கேட்டு, கடை கட்டும் நேரத்தில் போங்கள். திருவிழா நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள். தொட்டில் தொங்கும் கம்பியிலிருந்து நடு அச்சு வரை தூரம், தொட்டிலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, அவர் ஒரு தள்ளுக்கு எத்தனை சுற்று விடுகிறார், ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி, எல்லாவற்றையும் குறியுங்கள். எந்த மரத்தை எதற்குப் போட்டார்கள், எதை எப்போது மாற்றினார்கள் என்று அவரிடமே கேளுங்கள், அவருக்கு அத்துப்படியாக இருக்கும். அச்சு உட்காரும் இடத்தில் அதன் விட்டத்தை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையில் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் தேய்கிறது. அதைப் படத்தில் குறித்து, ஒரு பிரதியை அவரிடமும் கொடுங்கள்.